வலித்த கையில் பிறந்த தொடுதிரை

செல்பேசியில் ஒரு புகைப்படத்தைப் பெரிதாக்க என்ன செய்கிறோம்? கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் திரையில் வைத்து விரிக்கிறோம். அடுத்த படத்துக்குப் போக விரலால் ஒரு தள்ளு தள்ளுகிறோம். இரண்டு வயதுக் குழந்தைகூட இதைச் செய்கிறது. இதைவிட எளிதான வழி உலகத்திலேயே இல்லை என்றுதான் நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இந்த எளிமைக்குள் எத்தனை நிபந்தனைகள் இருக்கின்றன! ஒரு கையால் கருவியைப் பிடிக்க வேண்டும், மறு கையால் தொட வேண்டும். இரண்டு விரல்கள் தனித்தனியாக அசைய வேண்டும். கை நடுங்கக் கூடாது. நினைத்த இடத்தில் தொட்டு, நினைத்த நொடியில் விரலை எடுக்கத் தெரிய வேண்டும். முதுகுத்தண்டில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே அசைவில்லாதவர்கள், பெருமூளை வாதத்தோடு பிறந்தவர்கள், பார்க்கின்சன் நோயால் கை நடுங்குகிறவர்கள், கையை இழந்தவர்கள், மூட்டுவாதத்தால் விரல் நீட்ட முடியாத நம் வீட்டுப் பாட்டிகள்... இவர்களுக்கெல்லாம் அந்த எளிமை ஒரு பூட்டிய கதவு.

இந்தக் கதவைத் திறக்க நடந்த முயற்சிகளின் வரலாற்றைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். இதைப் படிக்கத் தொடங்கியபோது எனக்கு இரண்டு விஷயங்கள் ஆச்சரியமாக இருந்தன. ஒன்று, இதற்குத் தேவையான அடிப்படை யோசனைகள் எல்லாம் தொடுதிரைச் செல்பேசி வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இருந்தன. இரண்டாவது, இன்று நாம் பயன்படுத்தும் பல்விரல் தொடுதிரையே கை வலியால் அவதிப்பட்ட ஒருவரின் தேவையிலிருந்து வந்ததுதான்.

மூச்சால் ஓடிய தட்டச்சு

கதை இங்கிலாந்தில் உள்ள ஸ்டோக் மாண்டிவில் மருத்துவமனையில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போரில் முதுகுத்தண்டில் காயம்பட்டவர்களுக்காக லுட்விக் குட்மன் என்ற மருத்துவர் 1944ல் அங்கே ஒரு சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். 1948ல் அவர் நோயாளிகளுக்காக நடத்திய விளையாட்டுப் போட்டிதான் பிற்காலத்தில் பாராலிம்பிக்ஸாக வளர்ந்தது.

அந்த மருத்துவமனைக்குத் தொண்டராக வந்துபோனவர் ரெக் மேலிங். கை கால் அசையாத நோயாளிகளுக்கு உதவிக்கு ஆளைக் கூப்பிட ஒரு ஊதல் மட்டுமே இருப்பதை அவர் கவனித்தார். ஊதுவதற்கு மூச்சு இருக்கிறது என்றால், அந்த மூச்சை வைத்தே வேறு வேலைகளையும் செய்யலாமே என்று அவருக்குத் தோன்றியது. அப்படி 1960 வாக்கில் உருவானதுதான் 'பாஸம்' என்ற கருவி. ஒரு குழாயில் மெதுவாக ஊதினாலோ உறிஞ்சினாலோ கருவி அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். அதை வைத்து விளக்கைப் போடலாம், மணி அடிக்கலாம், தட்டச்சு இயந்திரத்தையும் இயக்கலாம். பாஸம் என்ற லத்தீன் சொல்லுக்கு 'என்னால் முடியும்' என்று பொருள். நல்ல பெயர் இல்லையா?

ஒரே ஒரு அசைவை வைத்துக்கொண்டு பல வேலைகளைச் செய்வது எப்படி? வேலைகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டிக்கொண்டே வர வேண்டும். வேண்டியது வரும்போது பயனர் ஒரு சைகை கொடுத்தால் போதும். மூச்சு, தலையசைவு, முழங்கை, கால் பெருவிரல் என்று எது அசைகிறதோ அதுவே சைகை. 'வரிசையாகக் காட்டு, வேண்டியதில் நிறுத்து' என்ற இந்த முறையை மறந்துவிடாதீர்கள். கட்டுரையின் பிற்பகுதியில் இது திரும்ப வரும்.

ஒரு மாணவர் செய்த பலகை

அடுத்த காட்சி அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகம், 1971. அங்கே மாணவராக இருந்த கிரெக் வாண்டர்ஹைடன், பெருமூளை வாதத்தால் பேச முடியாத ஒரு சிறுவனுக்காக நண்பர்களோடு சேர்ந்து ஒரு பலகையைச் செய்தார். ஆட்டோகாம் என்று அதற்குப் பெயர். எழுத்துகள் வரைந்த பலகையின் மீது அந்தச் சிறுவன் ஒரு கைப்பிடியை நகர்த்துவான். பெருமூளை வாதத்தில் கை தாறுமாறாக வெட்டி இழுக்கும், போகும் வழியில் வேண்டாத எழுத்துகளின் மீதெல்லாம் படும். ஆகவே பட்டதையெல்லாம் பலகை எடுத்துக்கொள்ளாது. எந்த எழுத்தின் மீது கை சற்று நேரம் நிற்கிறதோ அதை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும்.

கை எங்கே பட்டது என்று பார்க்காமல், எங்கே நின்றது என்று பார்ப்பதுதான் இங்கே தந்திரம். மனிதனின் கையைத் திருத்துவதற்குப் பதிலாக, கையின் போக்கைப் புரிந்துகொள்ளும்படி கருவியைத் திருத்தினார்கள். இந்த முயற்சியிலிருந்து வளர்ந்ததுதான் ட்ரேஸ் மையம். ஷிஃப்ட் விசையையும் வேறொரு விசையையும் சேர்ந்தாற்போல் அழுத்த முடியாதவர்கள், ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தினாலும் போதும் என்ற 'ஸ்டிக்கி கீஸ்' வசதி கணினிகளில் பரவியதற்கு இந்த மையத்தின் உழைப்பு முக்கியக் காரணம். 1980களின் பிற்பகுதியில் மெக்கின்டாஷிலும், 1995ல் விண்டோஸ் 95லும் அது உள்ளேயே சேர்ந்து வந்தது.

முதல் தொடுதிரைகள்

இதே காலத்தில் தொடுதிரை தனி வழியில் வளர்ந்துகொண்டிருந்தது. 1965ல் இங்கிலாந்தின் மால்வர்ன் நகரில் ராயல் ரேடார் நிறுவனத்தைச் சேர்ந்த ஈ.ஏ. ஜான்சன், விரலால் தொட்டு இயக்கும் திரையைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துபவர்களுக்காக உருவான யோசனை அது. 1972ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ 4 என்ற கல்விக் கணினியில் மாணவர்கள் திரையைத் தொட்டே விடை சொன்னார்கள். திரையின் மேல் குறுக்கும் நெடுக்குமாக அகச்சிவப்புக் கதிர்கள் ஓடும். விரல் எந்தக் கதிர்களை மறைக்கிறதோ அதை வைத்து இடம் தெரியும்.

இங்கே ஒரு நுட்பமான விஷயம் இருக்கிறது. கதிரை மறைப்பதற்கு விரல்தான் வேண்டும் என்பதில்லை. வாயில் கவ்விய குச்சியும் மறைக்கும், செயற்கைக் கையும் மறைக்கும். பிறகு வந்த அழுத்தத் திரைகளிலும் இப்படித்தான், எதை வைத்து அழுத்தினாலும் வேலை செய்யும். ஆனால் இன்றைய செல்பேசிகளில் இருப்பது மின்தேக்கத் திரை. மின்சாரத்தைக் கடத்தும் பொருள் அருகே வரும்போது திரையின் மின்புலம் மாறுவதை அது உணர்கிறது. மனிதத் தோல் மின்சாரத்தைக் கடத்தும், ஆகவே விரலை உணரும். சாதாரண மரக்குச்சியையோ பிளாஸ்டிக் கையையோ உணராது. அதாவது தொழில்நுட்பம் முன்னேறியபோது, வாய்க்குச்சியை நம்பியிருந்தவர்கள் ஒரு படி பின்னால் தள்ளப்பட்டார்கள். கடத்தும் நுனி வைத்த தனிக் குச்சியை அவர்கள் தேட வேண்டியதாயிற்று.

டெலாவேரில் ஒரு வலி

இப்போது நம் கதையின் நடுப்பகுதிக்கு வருவோம்.

1990களில் அமெரிக்காவின் டெலாவேர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தவர் வேய்ன் வெஸ்டர்மன். விசைப்பலகையில் தொடர்ந்து தட்டியதால் அவர் கைகளில் கடுமையான வலி வந்துவிட்டது. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால் தசைநாண்களில் வரும் காயம் இது. ஆய்வேட்டைத் தட்டச்சு செய்ய வேண்டிய மாணவருக்கு விசையை அழுத்தவே முடியவில்லை என்றால் எப்படி இருந்திருக்கும்!

அவரும் பேராசிரியர் ஜான் எலியாஸும் சேர்ந்து, அழுத்தவே தேவையில்லாத ஒரு பலகையை உருவாக்கினார்கள். தட்டையான பரப்பில் விரல்களை மெல்ல வைத்தால் போதும். எந்த விரல் எது என்று பலகையே அடையாளம் காணும். பல விரல்களைச் சேர்த்து நகர்த்தும் அசைவுகள் ஒவ்வொன்றும் ஒரு கட்டளை. ஒரே பரப்பில் பல விரல்களை உணர்வது அதற்கு முன்பே, 1980களின் தொடக்கத்தில் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் சோதிக்கப்பட்ட ஒன்றுதான். ஆனால் அதை அன்றாடம் பயன்படுத்தும் கருவியாக மாற்றியதில் இவர்கள் பங்கு பெரியது. 1998ல் ஃபிங்கர்வொர்க்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1999ல் வெஸ்டர்மன் ஆய்வேட்டை முடித்தார். தீராத வலியோடு வாழக் கற்றுக்கொண்ட தன் தாய்க்கு அதை அவர் காணிக்கையாக்கியிருக்கிறார்.

கை வலி உள்ள பலர் அந்தப் பலகையை வாங்கிப் பயன்படுத்தினார்கள். 2005ல் ஆப்பிள் நிறுவனம் ஃபிங்கர்வொர்க்ஸை வாங்கியது. பலகை விற்பனை நின்றது. அதை நம்பி வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பழைய பலகைகளைத் தேடி அலைந்தார்கள். வெஸ்டர்மனும் எலியாஸும் ஆப்பிளில் சேர்ந்தார்கள். 2007 ஜனவரியில் ஐபோன் அறிமுகமானது. கிள்ளுவது, விரிப்பது, தள்ளுவது எல்லாம் உலகத்துக்கே பழக்கமாயிற்று.

வலிக்கும் கைக்காகத் தேடிய வழி, நல்ல கை உள்ளவர்களின் கருவியாக மாறியது. அதில் தவறில்லை. ஆனால் அந்த முதல் ஐபோனில், விரலால் தொட முடியாதவருக்குத் திரையை இயக்க மாற்று வழி எதுவும் இல்லை. எழுத்தாணியால் எழுதும் கருவிகளை ஸ்டீவ் ஜாப்ஸ் அறிமுக மேடையிலேயே கேலி செய்தார். வாயில் குச்சி கவ்விக் கணினி இயக்குபவர் அந்தக் கேலியை எப்படி எடுத்துக்கொண்டிருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

ஓரத்தைப் பிடித்து எழுதுவது

ஆராய்ச்சிக் கூடங்களில் யாரும் சும்மா இருக்கவில்லை. ஐபோனுக்கு முன்பே, 2003ல், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேக்கப் வாப்ராக், பிராட் மையர்ஸ் ஆகியோர் எட்ஜ்ரைட் என்ற எழுதும் முறையை வெளியிட்டார்கள். பாம் கையடக்கக் கணினியில் எழுதும் இடத்தின் மேல், சதுர ஓட்டை உள்ள ஒரு பிளாஸ்டிக் தகடு. எழுத்தாணியை அந்தச் சதுரத்தின் ஓரங்களிலும் மூலைகளிலும் உரசியபடி நகர்த்தி எழுத வேண்டும். நடுங்கும் கைக்கு அந்த ஓரமே ஒரு கைப்பிடிச் சுவர். கோடு எப்படிக் கோணினாலும் கவலையில்லை, எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்குப் போனது என்பதை மட்டும்தான் கணினி பார்க்கும்.

மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறுவது போலத்தான் இது. பெரிய கணிதம் எதுவும் இல்லை. ஒரு துண்டு பிளாஸ்டிக், அதோடு கவனித்துப் பார்க்கும் மனசு. பிறகு 2007ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இதே யோசனையை விரிவுபடுத்தி, தொடுதிரையின் விளிம்புகளில் எழுத்தாணியைச் சாய்த்துக்கொண்டு பொத்தான்களைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் சோதித்தார்கள்.

திரும்பி வந்த பழைய யோசனைகள்

2009ல் ஐபோனில் வாய்ஸ்ஓவர் வந்தது. பார்வையற்றவர்களுக்கான வசதி என்றாலும் தொடுதிரை வரலாற்றில் இது ஒரு திருப்பம். திரையைத் தொட்டால் அங்கே என்ன இருக்கிறது என்று வாசித்துக் காட்டும், இரண்டு முறை தட்டினால்தான் அது இயங்கும். தொடுவது வேறு, தேர்ந்தெடுப்பது வேறு என்று பிரித்துவிட்டார்கள். ஒரே கருவியில், ஒரே திரையில், வேறு ஒரு முறையிலும் வேலை செய்ய முடியும் என்பது நடைமுறையில் நிரூபணமாயிற்று.

2011ல் ஐஓஎஸ் 5ல் அசிஸ்டிவ்டச் வந்தது. திரையில் மிதக்கும் ஒரு வட்டப் பொத்தான். அதைத் தொட்டால் பட்டியல் விரியும். பல விரல் சைகைகளை ஒரே விரலால், அல்லது ஒரு குச்சி நுனியால் செய்யலாம். வன்பொருள் பொத்தானை அழுத்தவும் அவசியமில்லை. நம் ஊரிலும் நிறைய பேர் ஐபோனில் அந்த வட்டத்தை வைத்திருந்ததைப் பார்த்திருப்பீர்கள். ஹோம் பொத்தான் தேய்ந்துவிடக் கூடாதே என்ற கவலைக்காக வைத்தவர்கள் பலர். அது மாற்றுத்திறனாளிகளுக்காக வந்த வசதி என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

2013ல் ஐஓஎஸ் 7ல் ஸ்விட்ச் கண்ட்ரோல் வந்தது. திரையில் உள்ள பொத்தான்கள் ஒவ்வொன்றாகக் கட்டமிட்டுக் காட்டப்படும். வேண்டியது வரும்போது வெளியே இணைத்த ஒரு ஸ்விட்சை அழுத்தினால் போதும். கேமரா முன் தலையைத் திருப்பினாலும் சரி. ஆமாம், 1960ன் அதே 'வரிசையாகக் காட்டு, வேண்டியதில் நிறுத்து' முறைதான். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ஆண்ட்ராய்டிலும் இது போன்ற வசதி வந்தது. 2015ல் ஐஓஎஸ் 9ல், எவ்வளவு நேரம் விரல் நின்றால் அதைத் தொடுதலாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பயனரே தீர்மானிக்கும் வசதி வந்தது. இதை எங்கே பார்த்தோம்? 1971ல், ஆட்டோகாம் பலகையில்!

முதல் ஐபோனில் இவை ஏன் இல்லை என்றால், யோசனை இல்லாததால் அல்ல. ஒன்று நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருந்தது, இன்னொன்று முப்பத்தைந்து ஆண்டுகளாக இருந்தது. இப்படிப்பட்டவர்களும் இதைப் பயன்படுத்துவார்கள் என்று வடிவமைக்கும் நாளிலேயே யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

உடம்பே கருவியானபோது

2010 நவம்பரில் மைக்ரோசாஃப்டின் கினெக்ட் வந்தது. கையில் எதையும் பிடிக்க வேண்டாம், கேமரா முன் நின்று கையை ஆட்டினால் விளையாட்டு நகரும். ஆனால் கேமரா எதிர்பார்த்தது நிற்கும் உடம்பை. சக்கர நாற்காலியில் இருப்பவரின் கால் எங்கே, நாற்காலி எங்கே என்று அதற்குக் குழப்பம். 2012 மே மாதம் விண்டோஸுக்கான கினெக்ட் மென்பொருளில், உட்கார்ந்திருப்பவர்களின் மேல் உடம்பை மட்டும் பின்தொடரும் முறையைச் சேர்த்தார்கள். தலை, தோள், கைகளில் உள்ள 10 புள்ளிகளைப் பார்த்தால் போதும் என்று முடிவு செய்தார்கள்.

அதே மைக்ரோசாஃப்ட் 2018ல் எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கண்ட்ரோலரை வெளியிட்டது. இரண்டு பெரிய பொத்தான்கள், பின்புறம் வரிசையாகத் துளைகள். காலால் மிதிக்கும் ஸ்விட்ச், தலையால் தட்டும் ஸ்விட்ச் என்று அவரவர் உடம்புக்கு ஏற்றதை அதில் சொருகிக்கொள்ளலாம். இந்தச் சைகையைத்தான் செய்ய வேண்டும் என்று சொன்ன அதே நிறுவனம், எட்டு ஆண்டுகளில் உன்னால் முடிந்த சைகையைச் சொல் என்று கேட்கும் நிலைக்கு வந்துவிட்டது.

2021ல் ஆப்பிள் கைக்கடிகாரத்தில், ஒரு கை மட்டும் உள்ளவர்களுக்காக ஒரு வசதி வந்தது. கடிகாரம் கட்டிய கையின் விரல்களைக் கிள்ளினாலோ முட்டியை மடக்கினாலோ கடிகாரம் கட்டளையை ஏற்கும், திரையைத் தொட வேண்டாம். இரண்டே ஆண்டுகளில், 2023ல், விரல்களை இருமுறை தட்டும் சைகை எல்லோருக்குமான புதிய அம்சமாக விளம்பரமானது. குழந்தையைத் தூக்கிக்கொண்டிருப்பவருக்கும், காய்கறிப் பையைச் சுமப்பவருக்கும் அந்த நேரத்தில் ஒரு கைதானே இருக்கிறது?

விதியாக மாறிய அனுபவம்

இந்த அனுபவங்கள் மெல்ல மெல்ல விதிகளாயின. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜூனில் வெளியிட்ட அணுகல் வழிகாட்டி 2.1ல் தொடுதலுக்கும் அசைவுக்கும் தனி விதிகள் வந்தன. இரண்டு விரல் சைகையோ கோடு இழுக்கும் சைகையோ வைத்தால், ஒரே தட்டலில் அதே வேலையைச் செய்யவும் வழி வேண்டும். தவறாகத் தொட்டுவிட்டால் விரலை எடுப்பதற்கு முன் விலக்கிக்கொள்ள முடிய வேண்டும். கருவியைக் குலுக்கினால் நடக்கும் வேலைக்கு ஒரு பொத்தானும் இருக்க வேண்டும், ஏனென்றால் சக்கர நாற்காலியில் இறுக்கிப் பொருத்திய செல்பேசியைக் குலுக்க முடியாது. 2023 அக்டோபரில் வந்த 2.2ல் இன்னும் இரண்டு விதிகள். பிடித்து இழுக்கும் வேலைகளுக்கு மாற்று வழி வேண்டும். தொடும் இடம் பொதுவாக 24க்கு 24 பிக்சலுக்குக் குறையக் கூடாது.

படித்துப் பார்த்தால் எல்லா விதிக்கும் சாரம் ஒன்றுதான். ஒரு வேலையைச் செய்ய ஒரே ஒரு வழியை மட்டும் வைக்காதே.

ஒரு கண் சிமிட்டல்

இதெல்லாம் வெளிநாட்டுச் சங்கதி, நமக்கென்ன என்று கேட்கலாம். நம் நாட்டில் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

வங்கிக் கணக்கு தொடங்கவும் சிம் அட்டை வாங்கவும் செல்பேசியிலேயே அடையாளத்தைச் சரிபார்க்கும் முறை வந்துவிட்டது. கேமரா முன்னால் இருப்பது புகைப்படம் அல்ல, உயிருள்ள மனிதர்தான் என்று உறுதிப்படுத்த, கண்ணைச் சிமிட்டச் சொல்லும். கண் சிமிட்டுவதும் ஒரு சைகைதான். ஆசிட் வீச்சில் முகமும் கண்ணும் சிதைந்தவர்களால் அந்தச் சைகையைச் செய்ய முடியவில்லை. உயிரோடு எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதரை, உயிருள்ளவர் என்று கருவி ஏற்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2025 ஏப்ரல் 30ல் தீர்ப்பு வந்தது. இணையவழிச் சேவைகளை அணுகும் உரிமை, அரசியல் சாசனத்தின் 21வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. கண் சிமிட்டலுக்கு மாற்று வழிகள் வேண்டும் என்பது உட்பட 20 உத்தரவுகளையும் பிறப்பித்தது.

மேலே பார்த்த வரலாற்றோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். 1960ல் மேலிங், அந்த மனிதரிடம் என்ன அசைவு மிச்சம் இருக்கிறது என்று முதலில் பார்த்தார், பிறகு கருவியைச் செய்தார். நாம் கருவியை முதலில் செய்துவிட்டு, இந்த அசைவைக் காட்டு என்று மனிதரைக் கேட்கிறோம். முடியாதவர்கள் நீதிமன்றம் வரை போய்த்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அதற்குள் அவர்களுக்குக் கணக்கு இல்லை, சிம் இல்லை, ஒவ்வொரு முறையும் இன்னொருவரின் கையை எதிர்பார்க்க வேண்டும்.

நம்மில் பலர் நாளைக்கு நிரல் எழுதப் போகிறவர்கள். கல்லூரிப் புராஜெக்டுக்காக ஒரு செயலி செய்யும்போதே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளலாம்: இதை ஒரு விரலால் செய்ய முடியுமா? விரலே இல்லாமல் செய்ய முடியுமா? வாண்டர்ஹைடனும் வெஸ்டர்மனும் தங்கள் வேலையைத் தொடங்கியபோது மாணவர்கள்தான். ஒருவருக்கு எதிரே ஒரு சிறுவன் இருந்தான், இன்னொருவருக்குத் தன் கையே வலித்தது. நமக்கு இரண்டும் இல்லாமல் இருக்கலாம், ஆனால் அவர்கள் கண்டுபிடித்தது எல்லாம் நம் முன்னால் இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் விட நமக்குச் சாக்கு எதுவும் இல்லை.